பூசைக்கும் புத்திமதிக்கும் அடங்காத வியாதி

மனிதனைப் பிடிக்கும் வியாதிகளுக்குள் வெகு விசித்திரமானது ஒன்று உண்டு. சித்தப்பிரமை பிடித்தவன் தனக்கு வியாதி இருக்கிறது என்பதையே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனால் நாம் சொல்லவரும் வியாதிக்காரனோ, தான் செய்வது அர்த்தமற்ற காரியம் என்பதை அநேகமாய் நம்மைவிட நன்றாக அறிந்திருப்பான். அறிந்திருந்தும் அதைச் செய்யாமலிருக்க அவனால் முடியாது. கதவைப் பூட்டியாயிற்று என்று தெரியும். ஆனாலும் பத்துத்தடவை, இருபதுதடவை திரும்பிப்போய் இழுத்துப் பார்ப்பான். கை சுத்தமாகிவிட்டது என்று தெரியும். ஆனாலும் தோல் வெடித்து இரத்தம் கசியும்வரை கழுவிக்கொண்டே இருப்பான். தான் பெற்ற குழந்தையைத் தானே குத்திவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தாய்க்கு ஓயாமல் வரும். அவள் ஒருக்காலும் அப்படிச் செய்யக்கூடியவளல்ல. ஆனாலும் வீட்டிலுள்ள அரிவாள்மணையையும் கத்தியையும் ஒளித்துவைத்துவிட்டு, குழந்தையைத் தொடவே பயந்து மூலையில் உட்கார்ந்து அழுவாள். “நான் செய்வது பைத்தியக்காரத்தனம்” என்று இவர்களே சொல்வார்கள், சொல்லிக்கொண்டே செய்வார்கள்.

இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். ஓ.ஸி.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாக எழுதுவார்கள். அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்குப்படி நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு காலத்திலாவது இது வருகிறது. ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் அதிசய வியாதியல்ல. நம் தெருவிலும் இருக்கும். நம் வீட்டிலும் இருக்கலாம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வருஷக்கணக்காய் மறைத்துவைப்பதினால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த வியாதிக்காரனுக்கு நம் ஜனங்கள் சொல்லும் காரணம் என்ன? பாவம் என்பார்கள், பூர்வஜென்ம கர்மம் என்பார்கள், செய்வினை என்பார்கள், பேய் என்பார்கள். இவற்றின் யோக்கியதையைப்பற்றி நம் வாசகர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நம்மவர்களிலேயே சிலர் வேறொன்று சொல்லுகிறார்கள். “இதெல்லாம் வெறும் மனப்பிராந்தி, கொஞ்சம் பகுத்தறிவை உபயோகித்தால் போய்விடும், தைரியமாயிருந்தால் ஒன்றும் செய்யாது” என்பதே அவர்கள் சொல்வது. இது பேயோட்டுகிறவன் பேச்சைவிட நாகரிகமாய்க் கேட்கிறதே தவிர, வியாதிக்காரனைப் பொறுத்தவரையில் அதைவிட எள்ளளவும் மேலானதல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஏனென்றால் இவனுக்குப் பகுத்தறிவு குறைவாக இல்லை. அது அவனிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அது சொல்வதை அவன் மூளையின் மற்றொரு பாகம் கேட்க மறுக்கிறது. நாத்திகனுக்கும் இந்த வியாதி வரும், கணக்கு வாத்தியாருக்கும் வரும், டாக்டருக்கே வரும். கால் ஒடிந்தவனிடம் நடப்பதன் பெருமையைப்பற்றிப் பிரசங்கம் செய்வது எப்படியோ, அப்படியே இவனிடம் புத்திமதி சொல்வதும்.

இஞ்ஞாசியார் கண்ட சங்கதி

இந்த வியாதி மதத்தினால் உண்டாகிறது என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் மதம் இதற்கு உடுத்திக்கொள்ள நல்ல உடுப்புக் கொடுக்கிறது என்று தாராளமாய்ச் சொல்லலாம். ஒருவன் காரணமில்லாமல் இருபது தடவை கைகழுவினால் பைத்தியம் என்கிற அதே ஊர், மடி ஆசாரம் என்று சொல்லி ஒரு பெண் நாள்முழுதும் பாத்திரத்தையும் தரையையும் தன் உடம்பையும் கழுவிக்கொண்டிருந்தால் உத்தமி என்று மெச்சுகிறது. அவள் உள்ளே வெந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. வங்காளத்தில் இப்படிப்பட்ட சுத்தப் பைத்தியத்திற்குச் ‘சுசிபாய்’ என்று தனிப்பெயரே வழங்கிவருகிறது.

மேல்நாட்டிலும் இப்படித்தான். சென்னை லயோலா கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, சேசு சபையை ஸ்தாபித்த அந்த இஞ்ஞாசியார் 1522-ம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்து மன்ரேசா என்னும் ஊரில் பட்ட பாட்டை அவரே பிற்காலத்தில் சொல்லி எழுதிவைக்கச் செய்திருக்கிறார். தான் செய்த பாவங்களை எல்லாம் பாதிரியிடம் சொல்லி மன்னிப்புப் பெற்ற பிறகும், ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவரை விடவில்லை. மறுபடி போய்ச் சொல்வார். மறுபடி சந்தேகம் வரும். ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டுபோய்ச் சொன்னார், தீரவில்லை. நாளைக்கு ஏழுமணி நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தார், தீரவில்லை. ஒருவாரம் அன்னமில்லாமல் பட்டினி கிடந்தார், தீரவில்லை. தாம் தங்கியிருந்த அறையிலிருந்த பெரிய பள்ளத்தில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்னும்படியான எண்ணமும் அடிக்கடி வந்தது. ஜெபம், உபவாசம், பாவமன்னிப்பு ஆகிய மதத்தின் மருந்துகள் எல்லாவற்றையும் முழு அளவில் உண்டவர் இவரைப்போல் வேறொருவர் இருக்க முடியாது. பலன் என்ன? பூஜ்யம்.

பிறகு அவருக்கு எப்படிக் குணமாயிற்று? ஒருநாள் அவர், “இனிமேல் பழைய பாவம் எதையும் திரும்பச் சொல்வதில்லை” என்று தீர்மானித்துக்கொண்டு அதன்படி நின்றார். அன்றைக்கு அந்த உபத்திரவம் விட்டது. அவர் இதை ஆண்டவன் கிருபை என்றார். ஆனால் அவர் செய்த காரியம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். திரும்பத்திரும்பச் செய்யும் சடங்கை நிறுத்தினார், அவ்வளவுதான். 444 வருஷம் கழித்து, 1966-ல், லண்டனில் விக்டர் மேயர் என்னும் மனோதத்துவ நிபுணர் இதே காரியத்தை ஒரு வைத்திய முறையாகவே செய்துகாட்டி இரண்டு வியாதிக்காரர்களின் விவரத்தை வெளியிட்டார். எதைக்கண்டு பயப்படுகிறார்களோ அதைத் தொடச்செய்வது, தொட்டபிறகு கழுவவிடாமல் கூட இருந்து தடுப்பது, பயம் தானாக ஏறித் தானாக இறங்கும்வரை காத்திருப்பது என்பதே அம்முறை. இன்றைக்கும் இந்த வியாதிக்கு முதன்மையான வைத்தியங்களில் ஒன்று இதுதான். இதில் கிருபை எங்கே இருக்கிறது? கிருபைதான் காரணமென்றால், மண்டியிட்ட ஏழுமணி நேரத்தில் வராதது, சடங்கை விட்ட மாத்திரத்தில் வருவானேன்?

கோளாறு மூளையில்

இது பாவமுமல்ல, பேயுமல்ல, மூளையின் கோளாறு என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் கேட்க வாசகர்களுக்குப் பூரண உரிமை உண்டு. இரண்டு சொல்லுகிறோம்.

1917-ம் வருஷத்தை ஒட்டி ஐரோப்பாவிலும், பிறகு உலகமெங்கும் தூக்கநோய்க் காய்ச்சல் ஒன்று பரவி மூளையைத் தாக்கிற்று. அதில் பிழைத்தவர்களில் சிலருக்கு, அதற்குமுன் அப்படி ஒரு குணமே இல்லாதிருந்தும், எண்ணினதையே எண்ணுவதும் செய்ததையே செய்வதுமான இந்த வியாதி புதிதாய் வந்து சேர்ந்தது. பாவம் கிருமியாய் வந்து காய்ச்சலாய் அடித்ததா? பேய் ஆயிரக்கணக்கான மைலுக்கு ஒரே வருஷத்தில் வேலை செய்ததா?

மற்றொன்று. 1992-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜல்ஸ் சர்வகலாசாலையில் இந்த வியாதிக்காரர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூளையின் எந்தப் பாகம் எவ்வளவு சர்க்கரையைச் செலவழித்து வேலைசெய்கிறது என்று காட்டும் படம் அது. ஒரு சாராருக்கு மாத்திரை கொடுத்தார்கள். மற்றொரு சாராருக்கு மாத்திரையில்லாமல், மேலே சொன்ன பழக்கவைத்தியம் மட்டும் செய்தார்கள். இரண்டு சாராரிலும் குணமடைந்தவர்களுக்கு, மூளையின் ஆழத்தில் காடேட் என்னும் ஒரே பாகத்தின் அதிகப்படி வேலை குறைந்திருந்தது. மாத்திரையால் வந்த குணமும் பழக்கத்தால் வந்த குணமும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. மனம் வேறு, மூளை வேறு என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள் என்று கேட்கிறோம்.

நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையிலிருந்து மூளையின் ஆழத்திற்கும், அங்கிருந்து திரும்ப முன்மூளைக்கும் சேதிபோய்வரும் நரம்புப் பாதை ஒன்று வளையமாக இருக்கிறது. “ஆபத்து, மறுபடி பார்” என்று ஒரு சேதி போனால், பார்த்து முடிந்ததும் அது அடங்கவேண்டும். இந்த வியாதியில் அது அடங்குவதில்லை. கீறல் விழுந்த கிராமபோன் தட்டில் ஊசி சிக்கிக்கொண்டது போல, பாடினதையே பாடிக்கொண்டிருக்கிறது. இதுவே டாக்டர்கள் இன்று கொண்டிருக்கும் முக்கியமான அபிப்பிராயம்.

கம்பி வைத்தியம்

மாத்திரையினாலோ, பழக்கவைத்தியத்தினாலோ, இரண்டையும் சேர்த்தோ பெரும்பாலான வியாதிக்காரர்களுக்குப் போதுமான சுகம் கிடைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வருஷக்கணக்காய் முறைப்படி செய்தும் கடுகளவும் குறையாத ஒரு சிறு கூட்டம் மிச்சம் நிற்கிறது. இவர்களில் சிலர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள். சிலர் ஒரு கவளம் சோறு உண்ண மணிக்கணக்காகிறவர்கள். சிலர் உயிரை விட்டவர்கள். இவர்களுக்காக ஏற்பட்டதுதான் மூளையின் ஆழத்தில் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் வைத்தியம்.

மண்டையோட்டில் சிறு துவாரமிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய கம்பியை, படத்தில் முன்னதாகக் கணக்கிட்ட இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதன் நுனியில் மின்சாரம் பாயும் சிறு வளையங்கள் இருக்கின்றன. கம்பியின் மறுமுனை காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே தைத்துவைத்த ஒரு பாட்டரிப் பெட்டியில் சேருகிறது. அது வினாடிக்குச் சுமார் 130 தடவை சிறு மின்துடிப்பு அனுப்புகிறது. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்திவிடலாம்.

இது முதலில் ஏற்பட்டது கைகால் நடுக்கத்திற்காக. பிரான்ஸில் கிரனோபிள் ஊரில் பெனபிட் என்னும் டாக்டரும் அவரோடிருந்தவர்களும் 1987-ல் நடுக்க நோயாளிகளுக்கு இந்தவிதமாய் மின்சாரம் செலுத்தி நடுக்கம் நிற்பதை வெளியிட்டார்கள். 1999-ல் பெல்ஜியம் தேசத்து லூவென் நகரத்து டாக்டர் நட்டினும் கூட்டத்தாரும், வேறெதற்கும் அடங்காத எண்ணச் சுழற்சி நோயாளிகள் நால்வருக்கு இதைச் செய்து மூவருக்குப் பலன் கண்டதாய் அறிவித்தார்கள்.

நால்வரில் மூவர் என்றவுடன் கைதட்டிவிடலாமா? கூடாது. நான்கு பேரை வேப்பிலையால் அடித்து மூவர் சுகப்பட்டதாய்ச் சொல்லும் பூசாரி நம்மூரிலும் இருக்கிறான். அவனை நாம் என்ன கேட்போமோ அதையே டாக்டரையும் கேட்கவேண்டும். பெரிய ஆபரேஷன் நடந்தது, பெரிய டாக்டர் வந்தார் என்ற நம்பிக்கையே குணமாகக் காட்டாதா? வைத்தியம் செய்தவரே குணத்தை அளந்தால் அவருக்கு வேண்டியபடி அளக்கமாட்டாரா?

இக்கேள்விக்குப் பிரெஞ்சு டாக்டர்கள் கூடி 2008-ல் சொன்ன பதில்தான் இந்த விஷயத்திலேயே நம் வாசகர்கள் மனதில் பதியவைக்கவேண்டியது. 16 வியாதிக்காரர்களுக்குக் கம்பி வைத்தார்கள். அவர்களை இரண்டு பாதியாய்ப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்றுமாதம் மின்சாரம் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்குக் கம்பி மட்டும் இருக்க மின்சாரம் கொடுக்கவில்லை. நடுவில் ஒருமாதம் நிறுத்திவைத்து, பிறகு மூன்றுமாதம் மாற்றிச்செய்தார்கள். யாருக்கு எப்போது மின்சாரம் ஓடுகிறதென்பது வியாதிக்காரனுக்கும் தெரியாது. அவனைச் சோதித்து மதிப்புப் போடும் டாக்டருக்கும் தெரியாது. வியாதியின் கடுமையை 40 வரை மதிப்பிடும் ஒரு அளவுகோலில், மின்சாரம் ஓடாத காலத்தில் சராசரி 28 இருந்தது. மின்சாரம் ஓடிய காலத்தில் 19 ஆயிற்று. ஆபரேஷனும் டாக்டரும் நம்பிக்கையும் இரண்டு காலத்திலும் ஒன்றே. வித்தியாசம் மின்சாரம் ஒன்றுதான்.

கெடுதியையும் அவர்கள் மறைக்கவில்லை. பெரிய உபத்திரவங்கள் பதினைந்து நடந்தன. அவற்றில் ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. இருவருக்குச் சீழ் பிடித்தது. இவ்வளவையும் அவர்களே எண்ணி அச்சிட்டு உலகத்திற்குக் கொடுத்தார்கள். தோழர்களே! எந்தக் கோவில் தேவஸ்தானமாவது, எந்தத் தர்காவாவது, எந்த மாதாகோவிலாவது, தன்னிடம் வந்தவர்களில் இத்தனை பேருக்குக் குணமாகவில்லை, இத்தனை பேருக்குக் கெடுதி வந்தது என்று என்றைக்காவது ஒரு கணக்கு வெளியிட்டதுண்டா? பாதிப்பேருக்கு நிஜ விபூதி, பாதிப்பேருக்கு வெறும் சாம்பல், எது எதுவென்று கொடுப்பவருக்கும் தெரியாது என்று ஒரு சோதனைக்கு உட்படுமா? உட்படாது. ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான் என்பது முதலில் தெரிந்திருப்பது அவர்களுக்கே.

பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2022-ல் வெளியிட்ட கணக்கில், சுமார் 350 பேரில் மூவருக்கு இருவர் வீதம் நல்ல பலன் அடைந்ததாய்க் கண்டிருக்கிறது. மூன்றாமவருக்குப் போதிய பலனில்லை. வேறெதற்கும் அடங்காதவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் இது பெரிய காரியம். சர்வரோக நிவாரணி என்று சொல்லத்தக்கதல்ல. அப்படி யாராவது சொன்னால் அவரையும் பூசாரிப் பட்டியலில் சேர்க்கவேண்டியதுதான்.

ஆத்மா எங்கே?

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையான சங்கதியைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்த வியாதிக்காகக் கம்பி வைத்துக்கொண்ட ஒருவரைப்பற்றி 2014-ல் டாக்டர்கள் எழுதினார்கள். அதுவரையில் சங்கீதத்தில் அவ்வளவு ஈடுபாடில்லாமல், தன் தேசத்துப் பாட்டுகளையும் சில இங்கிலீஷ் கோஷ்டிகளையும் கேட்டுவந்தவர் அவர். கம்பி வைத்த சில மாதத்தில் ஜானி காஷ் என்னும் அமெரிக்கப் பாடகரின் பாட்டைத் தற்செயலாய்க் கேட்டு, அதுமுதல் அவர் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்றாகிவிட்டார். அவர் இசைத்தட்டுகளையெல்லாம் வாங்கிவைத்தார். ஆனால் பாட்டரி தீர்ந்து மின்சாரம் நின்றபோது அந்தப் பிரியமும் நின்றது. பழைய பாட்டுகளுக்கே திரும்பினார். மறுபடி மின்சாரம் ஓட, மறுபடி ஜானி காஷ்!

சரீரம் அழியும், ஆத்மா அழியாது, அதன் வாசனை ஏழேழு ஜென்மத்திற்கும் தொடரும் என்று காலட்சேபம் செய்கிறவர்களை நாம் மரியாதையாய்க் கேட்கிறோம். பாட்டில் உள்ள ருசி ஆத்மாவைச் சேர்ந்ததா, பாட்டரியைச் சேர்ந்ததா? ஏழு ஜென்மம் தொடரும் வாசனை, ஒரு பாட்டரி தீர்ந்தவுடன் எங்கே போயிற்று?

ஆனால் இதே சங்கதியில் நமக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பயத்தை நீக்கப்போன மின்சாரம் ருசியையும் மாற்றுமானால், மூளையில் கைவைப்பவன் மனிதனுடைய குணத்திலேயே கைவைக்கிறான் என்றாகிறது. அது யாருடைய அனுமதியின் பேரில் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

வெள்ளைக்கோட்டுப் பூசாரிகள்

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் பலனை உலகம் ஒருதடவை கண்டாயிற்று. 1935-ல் போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்னும் டாக்டர், மனோவியாதிக்காரர்களின் முன்மூளை நரம்புகளை வெட்டிவிடும் ஆபரேஷனை ஆரம்பித்தார். மறுவருஷமே அமெரிக்காவில் வால்டர் பிரீமன் அதைப் பிடித்துக்கொண்டார். 1946 முதல், கண்குழியின் மேல்பக்கமாய் ஐஸ்கட்டி உடைக்கும் ஊசிபோன்ற ஆயுதத்தைச் செலுத்தி, சில நிமிஷத்தில் வேலையை முடித்து, ஊர் ஊராய்ப் போய்ச் செய்துகாட்டினார். அவர் கையால் ஆனவை மட்டும் ஆயிரக்கணக்கானவை. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியின் சகோதரி ரோஸ்மேரி என்னும் பெண்ணுக்கு 1941-ல், 23-வது வயதில், தகப்பனாருடைய சம்மதத்தின்பேரில் இந்த ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு நடையும் பேச்சும் கெட்டு, 2005-ல் சாகும்வரை பிறர் பராமரிப்பிலேயே காலம் கழிக்க நேர்ந்தது. பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திலேயே இப்படி என்றால், கேட்பாரற்ற பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் கதி என்னவாயிருந்திருக்கும்? இந்த வைத்தியத்திற்காக மோனிஸுக்கு 1949-ல் நோபெல் பரிசும் கொடுத்தார்கள்.

சென்னையிலும் 1960-களிலும் 70-களிலும், அடங்காத நடத்தையுள்ளவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையில் சிறு இடத்தை அழித்துவிடும் ஆபரேஷன்கள் நடந்து வைத்தியப் பத்திரிகைகளில் வெளிவந்தன. குழந்தை என்ன சம்மதம் கொடுத்திருக்கும் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அதே சென்னையில்தான், 1968-ல் மூளை ஆபரேஷனில் பட்டம் பெற்று, இத்துறையில் ஆசியாவிலேயே முன்வரிசையில் நின்ற பெண்மணி டாக்டர் டி.எஸ். கனகா 1975-லேயே மூளையில் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் முறையை இந்தியாவில் முதன்முதல் கையாண்டார் என்பதையும் சொல்லவேண்டும். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்டில், மண்டையைத் திறக்கும் கை ஒரு பெண்ணின் கையாயிருந்தது.

வெட்டுவதற்கும் கம்பி வைப்பதற்கும் பெரிய பேதம் ஒன்று உண்டு. வெட்டினது வெட்டினதுதான், மின்சாரத்தையோ நிறுத்திவிடலாம், கம்பியையும் எடுத்துவிடலாம். ஆனால் கருவி நல்லதாகிவிட்டதினால் அதைப் பிடித்திருக்கும் கை நல்லதாகிவிடாது. வெள்ளைக்கோட்டு உடுத்தினாலும், கேள்வி கேட்கக்கூடாது என்பவன் பூசாரிதான்.

கம்பெனியின் கையில் ஒரு மனிதன்

நிற்க. இதில் பண விஷயம் ஒன்றிருக்கிறது. 2009 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்கார் இந்த வியாதிக்கு இந்தக் கருவியை விற்க ஒரு கம்பெனிக்கு உத்தரவு கொடுத்தது. எந்த விதிப்படி? வருஷத்தில் நாலாயிரம் பேருக்கும் குறைவானவர்களுக்கு உபயோகமாகும் கருவிக்கென்று ஏற்பட்ட சலுகை விதிப்படி. அந்தச் சலுகையில், பலன் உண்டு என்று பெரிய சோதனை நடத்தி ரூபிக்கவேண்டியதில்லை. பலன் இருக்கக்கூடும், ஆபத்து அளவுகடந்ததல்ல என்று காட்டினால் போதும். 2011-ல் இதைக் கண்டித்து வைத்திய நிபுணர்கள் சிலர் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர், முன்சொன்ன லூவென் நகரத்து நட்டினே. தான் ஆரம்பித்த வைத்தியமாயிருந்தும், சோதனையில்லாமல் விற்காதே என்று சொல்ல அவர் கூசவில்லை. தாம் ஸ்தாபித்த சடங்கை எதிர்த்து எழுதிய ஆச்சாரியார் யாராவது இருந்தால் நமக்குத் தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

மேலும், பாட்டரி தீர்ந்தால் வியாதி திரும்புகிறது. சில வருஷத்திற்கொருமுறை புதிய பெட்டி வைக்கவேண்டும். அல்லது தானே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் விலையுயர்ந்த பெட்டி வேண்டும். ஆராய்ச்சிக்காகக் கம்பி வைத்துவிட்டு, ஆராய்ச்சி முடிந்ததும் அடுத்த பெட்டிக்கு யார் பணம் கொடுப்பது என்பது மேல்நாடுகளிலேயே பெரிய வழக்காயிருக்கிறது. ஒரு மனிதனுடைய நிம்மதி ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் தொங்குவது நியாயமாகாது. கம்பி வைத்தவர்களே, அவன் உயிரோடிருக்கும்வரை அதைப் பராமரிக்கவும் பொறுப்பேற்கவேண்டும்.

நமது நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 96-வது பிரிவு, மனோவியாதிக்காக மூளையில் ஆபரேஷன் செய்வதானால், விவரமெல்லாம் அறிந்து அந்த வியாதிக்காரரே கொடுக்கும் சம்மதமும், அதற்குமேல் மனநல வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று விதித்திருக்கிறது. தகப்பன் சம்மதம் போதாது; புருஷன் சம்மதம் போதாது. ரோஸ்மேரிக்கு 1941-ல் இல்லாத பாதுகாப்பு இது. இதற்கு முந்தின 95-வது பிரிவு, மனோவியாதிக்காரரை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

இந்தச் சங்கிலிப் பிரிவின் அருமை நமக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனோவியாதிக்காரர்கள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் வெந்து, மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகளல்ல, தாய்தகப்பன்மார், கூடப்பிறந்தவர்கள். குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள். நம்பிக்கை எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும், சோதித்துப் பாராத நம்பிக்கை கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

செய்யவேண்டியது

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ இந்த வியாதியுள்ளவர் இருந்தால், அவரைக் கோவிலுக்கும் தர்காவுக்கும் மந்திரவாதியிடமும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பரிகாசம் செய்யாதீர்கள். புத்திமதி சொல்லிக் களைக்காதீர்கள். “கதவு பூட்டித்தான் இருக்கிறது, கவலைப்படாதே” என்று கேட்கும்போதெல்லாம் நூறுதடவை உறுதி சொல்வதும் உதவியல்ல. அதுவும் அந்தச் சடங்கில் ஒரு பங்காகி வியாதிக்குத் தீனி போடும். பெரியாஸ்பத்திரியிலுள்ள மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கார் 2022-ல் ஏற்படுத்தியிருக்கும் 14416 என்ற டெலிபோன் எண்ணுக்குச் செலவில்லாமல் பேசி யோசனை கேட்கலாம். மாத்திரைக்கு வாரக்கணக்காகும், பழக்கவைத்தியத்திற்குப் பொறுமை வேண்டும். கம்பி வைத்தியம் இவை எல்லாம் பலிக்காதவர்களுக்குக் கடைசியாக உள்ளதே தவிர, முதலில் போய்க் கேட்கவேண்டியதல்ல. மாத்திரையும் பழக்கவைத்தியமுமே எட்டாமல் கிராமங்களில் எத்தனையோ பேர் கிடக்கும்போது, ஜில்லாதோறும் பழக்கவைத்தியம் தெரிந்தவர்களை நியமிக்கும்படி சர்க்காரைக் கேட்பது கம்பியைவிட அவசரமான காரியம்.

உங்களிடம் எவர் வைத்தியம் செய்ய வந்தாலும், அவர் உடுத்தியிருப்பது காவியானாலும் வெள்ளைக்கோட்டானாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு ருஜு என்ன? பலிக்காதவர்கள் கணக்கு எங்கே? வியாதிக்காரருடைய சம்மதம் எங்கே? மூன்றுக்கும் பதில் சொல்லுகிறவரிடம் உட்காருங்கள். சொல்ல மறுக்கிறவரிடமிருந்து, உங்கள் வீட்டு வியாதிக்காரரை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.